நன்யாங் பல்கலைக்கழகத்தில் உருவாகும் துணைக்கோளங்கள்

சிங்கப்பூருக்கெனச் சொந்தமாக ஏவுதளம் இல்லை. எனினும், துணைக்கோளம் உருவாக்கும் திறன் உண்டு. அதற்கு வித்திட்ட கழகங்களில் ஒன்று நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.

டிஎஸ்ஓ தேசிய ஆய்வுக்கூடங்களுடன் சேர்ந்து அது உருவாக்கிய 'எக்ஸ்-சாட்', சிங்கப்பூரிலேயே உருவான முதல் துணைக்கோளம். 2011 ஏப்ரல் 20ஆம் தேதி, இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி உந்துகணை மூலம் அது விண்ணில் பாய்ச்சப்பட்டது.

2015 டிசம்பரில் சென்ற 'வெலாக்ஸ்-சி1' வெப்பமண்டலப் பருவநிலையை ஆராய்வதற்கானது. ஜிபிஎஸ் சமிக்ஞைகள் காற்று மண்டலத்தைக் கடக்கும்போது சற்று வளையும். அந்த வளைவை அளந்தால் காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கணக்கிடலாம். பூமத்திய ரேகைக்கு அருகில் சுற்றியதால், நம் வட்டாரத்தை அது அடிக்கடி கடந்தது.

2023 ஜூலை 30ஆம் தேதி, 23 கிலோ எடையுள்ள 'வெலாக்ஸ்-ஏஎம்' துணைக்கோளத்துடன் 'ஆர்கேட்', 'ஸ்கூப்-2' ஆகியவையும் விண்ணுக்குச் சென்றன.

இம்முயற்சியில் இளநிலை மாணவர்களுக்கும் பங்குண்டு. 2013ல் ஏவப்பட்ட சிறிய 'வெலாக்ஸ்-பி2' அவர்கள் உருவாக்கியது. விண்ணுக்குச் சென்ற சிறு துணைக்கோளத்தைத் திரும்பக் கொண்டுவந்து பழுதுபார்க்க முடியாது. அதிர்வு, வெப்பம், வெற்றிடம் என எல்லாவற்றையும் தரையிலேயே சோதித்துவிட வேண்டும். பாடப்புத்தகத்தால் மட்டும் கற்றுத்தர முடியாத பொறியியல் பாடம் அது.