விளையாட்டு ஒளிப்படக்கலை

விளையாட்டு ஒளிப்படக்கலை என்பது, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வீரர்களின் இயக்கத்தை நிலைப்படமாகப் பதிவுசெய்யும் கலை. செய்தி ஒளிப்படத்தின் கிளையாக வளர்ந்தது. கல்யாண வீட்டில் மாலையை இன்னொரு தடவை மாற்றச் சொல்லிப் படம் எடுக்கலாம். சாய்ந்த ஸ்டம்பை மறுபடி சாயச் சொல்ல முடியாது. இந்தக் கலையின் நுட்பமெல்லாம் அந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து நொடிக்குச் சுமார் 39 மீட்டர் கடக்கிறது. கண் கண்டபின் விரல் அசைய ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி பிடிக்கும். அதற்குள் பந்து கிட்டத்தட்ட 8 மீட்டர் போய்விடுகிறது. பந்து மட்டையில் பட்டதைப் பார்த்து அழுத்துபவருக்கு, மட்டையைச் சுழற்றி முடித்த வீரர்தான் கிடைப்பார். கண்ணாடி வைத்த பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் படம் பதியும் கணத்தில் வியூஃபைண்டர் இருண்டுவிடும். ஆகவே, மட்டையில் பந்து பட்டதைத் தெளிவாகக் கண்ணால் பார்த்துவிட்டோம் என்றால் அது படத்தில் இல்லை என்று அர்த்தம். கண்ணை முந்திக்கொண்டு விரல் போகவேண்டும்; அதற்கு ஆட்டம் தெரிந்திருக்கவேண்டும். எந்த லென்ஸை விடவும் இதுவே முதல் கருவி.

1960 டிசம்பர் 14 அன்று பிரிஸ்பேனில், ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய ஆட்டம், டெஸ்ட் கிரிக்கெட் வரலாற்றில் முதன்முறையாகச் சமனில் (டை) முடிந்தது. ஜோ சாலமன் எறிந்த பந்து ஸ்டம்பில் பட, இயன் மெக்கிஃப் கோட்டை எட்டாமல் ரன் அவுட் ஆன காட்சியை ‘தி ஏஜ்’ நாளிதழின் ரான் லவிட் எடுத்தார். ரோஹன் கன்ஹாய் இரு கைகளையும் தூக்கித் துள்ளுவதும் அதே படத்தில் இருக்கிறது. ஒருமுறை அழுத்தினால் ஒரு படம் என்றிருந்த காலம் அது. 2023இல் அறிமுகமான சோனி ஏ9 III கேமரா நொடிக்கு 120 படங்கள் எடுக்கிறது. அதிலும் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில், மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அந்தப் பந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். மட்டையோடு அது ஒட்டியிருக்கும் நேரமோ ஆயிரத்தில் ஒரு நொடி அளவுதான். நொடிக்கு 10 படங்கள் எடுக்கும் சாதாரண கேமராவில் இடைவெளி ஏறத்தாழ 4 மீட்டர். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் நல்ல கணம் தானாக வந்து விழும் என்ற நம்பிக்கை தவறானது.

ஷட்டர் வேகத்தையும் இதே கணக்கால் புரிந்துகொள்ளலாம். 1/250 நொடியில் பந்து சுமார் 16 சென்டிமீட்டர் நகரும். அதாவது தன் அகலத்தைப் போல இரு மடங்குக்கு மேல். படத்தில் அது சிவப்புக் கோடாக இழுபடும். 1/1000இல் 4 சென்டிமீட்டர், 1/4000இல் ஒரு சென்டிமீட்டர். ஓடும் மனிதருக்கு 1/1000 பெரும்பாலும் போதும். பந்து சற்றே இழுபட்டிருப்பதைக் குறையாகக் கொள்ளவேண்டியதில்லை. எல்லாம் உறைந்துபோன படத்தில் வேகம் தெரிவதில்லை. சைக்கிள் பந்தயத்தில் 1/30 அல்லது 1/60 வைத்து, வீரரோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பி எடுக்கும் பேனிங் முறையில், பின்னணி கோடுகளாகி ஓட்டம் தெரியும்.

எங்கே உட்காருவது என்பது பாதி வேலை. 1965 மே 25 அன்று அமெரிக்காவின் லூயிஸ்டன் நகரில் நடந்த குத்துச்சண்டையில், விழுந்துகிடந்த சன்னி லிஸ்டனின் மேல் முகமது அலி கையை மடக்கி நின்று உறுமும் புகழ்பெற்ற படத்தை எடுத்த நீல் லைஃபருக்கு அப்போது வயது 22. அலியின் கால்களுக்கு நடுவே, எதிர்ப்பக்கத்தில் கேமராவோடு இருப்பவர் அவருடைய மூத்த சக ஊழியர் ஹெர்ப் ஷார்ஃப்மன். அதே கணம், அதே வீரர். ஆனால் அவருக்குத் தெரிந்தது அலியின் முதுகு.

கபடியில் உட்காரும் இடத்தைத் திட்டமிட்டே தேர்ந்தெடுக்கலாம். பாடிச் செல்லும் வீரர் எதிரணியைப் பார்த்தபடி போவதால், எதிர்க்களத்தின் பின்னால் உட்கார்ந்தால் முகம் கிடைக்கும் என்று பலர் அங்கேயே இடம்பிடிக்கிறார்கள். ஆட்டத்தின் உச்சம் அவர் திரும்பும்போதுதான் வருகிறது. கணுக்காலை ஒருவர், இடுப்பை இருவர் பிடித்திழுக்க, விரல் நுனி நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் தவிக்கும். அந்த முகம் வேண்டுமானால் அவருடைய சொந்தக் களத்தின் பின்கோட்டு மூலையில், தரையோடு தரையாக அமரவேண்டும்.

நம் ஊர்களில் ‘மாபெரும் மின்னொளிக் கபடிப் போட்டி’ என்று சுவரொட்டி ஒட்டி நடத்தும் ஆட்டங்கள் இரவில் நடப்பவை. அங்கே வெளிச்சம்தான் சிக்கல். எஃப்/2.8 லென்ஸ், 3200 அல்லது 6400 ஐ.எஸ்.ஓ., 1/800 நொடி என்று தொடங்கலாம். படம் மணல்மணலாக வரும், இருக்கட்டும். மணல்மணலான படம் பத்திரிகையில் அச்சாகும், கலங்கிய படம் ஆகாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குவதால், ஒரு படம் வெளுத்தும் அடுத்தது இருண்டு மஞ்சளாகவும் வரலாம். புதிய கேமராக்களில் இதைத் தவிர்க்கும் வசதி உண்டு. ஃபிளாஷ் மட்டும் கூடாது. பாய்ந்து வரும் வீரரின் கண்ணைக் கூசச் செய்து அவர் விழுந்தால், அந்தப் படத்தால் யாருக்கும் பயனில்லை.

செய்திக்கான படத்தில் ஓரத்தை வெட்டலாம், வெளிச்சத்தைச் சீர்படுத்தலாம். ஆளையோ பந்தையோ அழிக்கவும் சேர்க்கவும் கூடாது. கேமராவில் எடுத்தபடியே இருக்கும் படமும் ஏமாற்றக்கூடும். தொலைவிலிருந்து 400 மி.மீ. லென்ஸில் எடுத்தால், முன்னும் பின்னும் அரை மீட்டர் தள்ளி நிற்கும் இருவர் ஒட்டி நிற்பதுபோலவே தெரியும். ‘தொட்டாரா, தொடவில்லையா’ என்று களத்தில் தகராறு வரும்போது ஒளிப்படக்காரரின் கேமராவைச் சுற்றிக் கூட்டம் கூடும். பக்கவாட்டில் கோட்டுக்கு நேராக இருந்து எடுத்திருந்தாலொழிய, அதை நடுவரிடம் காட்டாமல் இருப்பதே நேர்மை.