டெண்டர் தகராறுகளும் இந்திய நீதிமன்றங்களும்: ஒரு வரலாறு

அரசோ அரசு நிறுவனமோ ஒரு பணியைச் செய்து முடிக்கவும் பொருள்களை வாங்கவும் விளம்பரம் செய்து விலை கேட்பதை ஒப்பந்தப்புள்ளி கோருதல் என்பர். பேச்சு வழக்கில் இது டெண்டர். வந்து சேர்ந்த உறைகளைத் திறந்து, தகுதி பார்த்து, விலைகளை ஒப்பிட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பதே ஒப்பந்தப்புள்ளி மதிப்பீடு. பெரிய பணிகளுக்குப் பெரும்பாலும் இரண்டு உறைகள் கேட்கப்படும். முதல் உறையில் அனுபவச் சான்று, முன்வைப்புத் தொகை, வங்கி உத்தரவாதம் போன்றவை இருக்கும்; இரண்டாவதில் விலை இருக்கும். முதல் உறையில் தேறாதவரின் விலை உறை பிரிக்கப்படுவதே இல்லை. அவர் எவ்வளவு குறைந்த விலை எழுதியிருந்தாலும் பயனில்லை. நீதிமன்றம் வரை வரும் வழக்குகளில் பல இந்த முதல் உறையில் பிறந்தவை.

இவ்வாறு வெளியேற்றப்பட்டவர் இன்று அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (பேராணை மனு) போடலாம். ஆனால் குடியரசின் தொடக்க ஆண்டுகளில் இந்தக் கதவு ஏறத்தாழ மூடியே இருந்தது.

மருத்துவமனைப் பால்

கண்ணூர் அரசு மருத்துவமனைக்குப் பால் வழங்கும் ஒப்பந்தம் தொடர்பாக எழுந்த சி. கே. அச்சுதன் எதிர் கேரள மாநிலம் என்ற வழக்கு 1950களின் இறுதியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஒப்பந்தம் தம்மிடமிருந்து எடுக்கப்பட்டு ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குத் தரப்பட்டது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்பது மனுதாரரின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தனி மனிதர் தமக்குப் பிடித்தவரிடம் பால் வாங்குவதைப் போலத்தான் அரசும் வாங்குகிறது. ஒருவரை விட்டு இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்காக 14ஆவது பிரிவை நாட முடியாது என்று கூறிவிட்டது.

அரசு பெரிய அளவில் வணிகம் செய்யாத காலத்துக்கு இந்தப் பார்வை ஒருவாறு பொருந்தியிருக்கலாம். ஆனால் ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்த பின் சாலை, அணை, மின்சாரம், சுரங்கம் ஆகிய துறைகளில் நாட்டின் மிகப் பெரிய வாடிக்கையாளராக அரசே ஆகிவிட்டது. அதன் பட்டியலில் இடம் கிடைக்காத ஒப்பந்தக்காரருக்கு வேறு வாடிக்கையாளர் எளிதில் கிடைக்கமாட்டார். 1974இல் எருசியன் எக்விப்மெண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி முன்னேறியது. விளக்கம் கேட்காமல் ஒருவரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்றும், அரசு ஒப்பந்தம் செய்யும்போதும் அரசாகவே இருக்கிறது என்றும் அது கூறியது.

விமான நிலையச் சிற்றுண்டிச்சாலை

திருப்பம் 1979இல் வந்தது. பம்பாய் விமான நிலையத்தில் ஓர் இரண்டாம் வகுப்பு உணவகத்தையும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளையும் நடத்த, இந்தியப் பன்னாட்டு விமான நிலைய ஆணையம் 1977 ஜனவரியில் ஒப்பந்தப்புள்ளி கோரியது. குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள, பதிவுபெற்ற இரண்டாம் வகுப்பு ஓட்டல்காரர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்பது நிபந்தனை. ஆறு புள்ளிகள் வந்தன. மாதம் 6,666 ரூபாய் 66 காசு உரிமக் கட்டணம் தருவதாக எழுதியவர்தான் எல்லோரிலும் அதிகம் கேட்டவர். அவருக்குக் கேண்டீன் நடத்திய அனுபவம் இருந்தது. பதிவுபெற்ற ஓட்டல் நடத்திய அனுபவம் இல்லை. ஆணையம் அவருக்கே கொடுத்தது.

வழக்குத் தொடுத்த ரமணா தயாராம் ஷெட்டி ஒப்பந்தப்புள்ளியே போடாதவர். நிபந்தனைப்படி தமக்கும் தகுதியில்லை என்பதால் போடவில்லை. நிபந்தனை தளர்த்தப்படும் என்று தெரிந்திருந்தால் தாமும் போட்டிருப்பேன் என்பது அவர் சொன்ன குறை. முதலில் கேட்கும்போது வேடிக்கையாகத் தோன்றும் இந்த வாதத்தில்தான் சட்டத்தின் உயிர்நிலை இருந்தது. விளம்பரத்தைப் படித்துவிட்டு "நமக்கு இல்லை" என்று விலகிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது. நிபந்தனையைப் பின்னர் ஒருவருக்காக மட்டும் மறந்துவிட்டால் ஏமாற்றப்படுபவர்கள் அவர்கள்தாம்.

நீதிபதி பி. என். பகவதி எழுதிய தீர்ப்பு இதை ஏற்றது. ஆணையம் அரசமைப்பின் பொருளில் "அரசு"தான். தான் வகுத்த அளவுகோலுக்குத் தானே கட்டுப்பட வேண்டும். எனவே அது செய்தது சட்டப்படி தவறு என்று தீர்ப்பு கூறியது. இதன்பின் அச்சுதன் வழக்கின் பார்வைக்கு இடமில்லாமல் போயிற்று.

இவ்வளவும் சொன்ன நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. மனுதாரருக்கு இதில் உண்மையான அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. அவர் ஐந்து மாதங்களுக்கு மேல் தாமதித்து வந்தார். அதற்குள் ஒப்பந்தம் பெற்றவர் சுமார் 1,25,000 ரூபாய் செலவு செய்து கடையைத் தொடங்கிவிட்டார் என்பவை காரணங்கள். கொள்கை வென்றது, கொண்டுவந்தவர் தோற்றார். பாடநூல்கள் முதல் பாதியைத்தான் விரிவாகச் சொல்கின்றன. பின்வந்த டெண்டர் வழக்குகளின் போக்கைப் புரிந்துகொள்ள இரண்டாம் பாதியே அதிகம் உதவும்.

கைபேசி உரிமமும் கட்டுப்பாட்டுக் கொள்கையும்

டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் கைபேசிச் சேவை நடத்த 1992இல் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. தேர்வை எதிர்த்து வழக்குகள் எழுந்தன. அவற்றை முடித்துவைத்த டாடா செல்லுலார் தீர்ப்பு 1994 ஜூலை 26 அன்று வெளிவந்தது. எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த எஸ். மோகன். நாட்டின் முதல் கைபேசி அழைப்பு கல்கத்தாவிலிருந்து பேசப்பட்டது 1995 ஜூலை 31 அன்றுதான். தாமதம் முழுவதும் வழக்கால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆயினும் ஒரு புதிய சேவைக்காக நாடே காத்திருக்கும்போது நீதிமன்றம் எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்ற கேள்வி தவிர்க்க முடியாததாகிவிட்டது.

இங்கிலாந்தில் டிப்ளாக் பிரபு 1984இல் வகுத்த மூன்று காரணங்களைத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது: சட்டமீறல், பகுத்தறிவுக்கு ஒவ்வாமை, நடைமுறைத் தவறு. நீதிமன்றம் மேல்முறையீட்டு மன்றமாக உட்காராது. முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதைத்தான் பார்க்கும். தொழில்நுட்ப முடிவைத் திருத்த அதற்கு நிபுணத்துவம் இல்லை என்றது. முடிவுகளை ரத்து செய்துகொண்டே போனால் எதிர்பாராத செலவு அரசின் தலையில் விழும் என்றும் எச்சரித்தது.

விதி பெரிதா, விலை பெரிதா?

கொள்கை எளிது, பயன்படுத்துவது கடினம். வாரணாசி டீசல் இன்ஜின் தொழிற்சாலை இரும்புக் கழிவை விற்க ஒப்பந்தப்புள்ளி கோரியபோது, முன்வைப்புத் தொகையை ரொக்கமாகவோ ஸ்டேட் வங்கியின் வரைவோலையாகவோ கட்டச் சொன்னது. ஒரு நிறுவனம் யூனியன் வங்கியின் காசோலையைக் கொடுத்தது. அது துணை நிபந்தனைதான், தளர்த்தலாம் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2016இல் சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் வங்கி உத்தரவாதம் குறித்த படிவத்தில் இல்லை. அங்கே நிராகரித்தது சரி என்றது. இரண்டும் முரண்படுவதாகத் தோன்றலாம். எது இன்றியமையாத நிபந்தனை என்பதை ஒப்பந்தப்புள்ளி கோரியவரே தீர்மானிக்கட்டும், எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்தினால் போதும் என்பது இரண்டுக்கும் பொதுவான இழை.

புருலியா நீரேற்று மின்திட்ட வழக்கு (2001) மனத்தை இன்னும் உறுத்தும். படேல் இன்ஜினியரிங் நிறுவனம் தன் விலைப்பட்டியலில் கணினியால் மீண்டும் மீண்டும் பிழை விழுந்துவிட்டது, திருத்த அனுமதி வேண்டும் என்றது. திருத்தியிருந்தால் அரசுக்குச் செலவு மிச்சமாகியிருக்கும். உயர் நீதிமன்றம் இசைந்தது, உச்ச நீதிமன்றம் மறுத்தது. விதியைக் காப்பதும் பொதுநலன்தான் என்றது அது. உறைகளைத் திறந்த பிறகு ஒருவரைத் திருத்த விட்டால், அடுத்த முறை எல்லோரும் "பிழையோடு" எழுதத் தொடங்குவார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் மறுப்பின் நியாயம் விளங்கும்.

நாகபுரி மெட்ரோ வழக்கில் (2016) சீனாவில் நகரங்களுக்கிடையிலான அதிவேக ரயில்பாதையில் பணியாற்றிய அனுபவத்தை மெட்ரோ அனுபவமாகக் கொள்ளலாமா என்ற சிக்கல் எழுந்தது. ஆவணத்தை எழுதியவருக்கே அதன் பொருள் நன்கு தெரியும் என்று நீதிபதி மதன் பி. லோகூர் விடையளித்தார்.

ஜகதீஷ் மண்டல் எதிர் ஒரிசா மாநிலம் வழக்கில் 2006 டிசம்பரில் நீதிபதி ஆர். வி. ரவீந்திரன் இரண்டே கேள்விகளாக இதைச் சுருக்கினார். முடிவில் தீய நோக்கமோ, பொறுப்புள்ள எந்த அதிகாரியும் எடுத்திருக்க முடியாத அளவு தாறுமாறோ இருக்கிறதா? பொதுநலன் பாதிக்கப்படுகிறதா? இரண்டுக்கும் "இல்லை" என்றால் தலையிடக் கூடாது. குறையுள்ளவர் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கட்டும் என்றார். 2018இல் குறித்த நிவாரணச் சட்டம் திருத்தப்பட்டு, உட்கட்டமைப்புத் திட்டங்களுக்கு அத்தகைய வழக்குகளில் தடையாணை தருவது கட்டுப்படுத்தப்பட்டது. 2022இல் ஜார்க்கண்டின் சாலைப் பணி ஒன்று பற்றிய என். ஜி. புராஜெக்ட்ஸ் தீர்ப்பு, டெண்டரில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக் குற்றம் தேட வேண்டாம் என்று ரிட் நீதிமன்றங்களுக்கும் அறிவுறுத்தியது.

இழப்பீடு என்ற அந்த வழி சொல்வதற்கு எளிது. கையெழுத்தே ஆகாத ஒப்பந்தத்தில் தமக்கு எவ்வளவு இலாபம் கிடைத்திருக்கும் என்பதை ஒரு சிறு ஒப்பந்தக்காரர் எப்படி நிரூபிப்பார்? தடையாணையும் இல்லை, இழப்பீடும் எட்டாக்கனி என்றால், 1979இல் கிடைத்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

இச்சிக்கலுக்கு ஐரோப்பா வேறு வழி கண்டது. தேர்வு முடிவை அறிவித்த பின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் குறைந்தது பத்து நாள்கள் காத்திருக்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் நெறியாணை விதித்தது. எதிர்ப்பு இருந்தால் அந்த இடைவெளியில் கிளப்பலாம். இந்தியாவில் நாடு முழுமைக்குமான கொள்முதல் சட்டம் இல்லை. 2012இல் மக்களவையில் அறிமுகமான மசோதா 2014இல் காலாவதியானது. சில மாநிலங்கள் முந்திக்கொண்டன. தமிழ்நாடு 1998இல் இயற்றிய ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் ஆணை கிடைத்த 10 நாள்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அரசு 15 நாள்களில் அதை முடிக்க வேண்டும். மேல்முறையீட்டைக் கேட்பதும் அரசே என்பதால் இது நீதிமன்றத்துக்கு மாற்றாகிவிடாது. ஆனால் ஐந்து மாதம் தாமதித்தார் என்று யாரையும் குறைசொல்ல வேண்டிய நிலையை இது குறைக்கிறது.

கட்டுப்பாட்டுக் கொள்கை இத்தனை இறுகிய பிறகும் கதவு முற்றிலும் மூடப்படவில்லை. 2024 அக்டோபரில் பாரத் கோக்கிங் கோல் நிறுவனத்தின் சுரங்க ஒப்பந்தம் ஒன்றில், பன்சீதர் கன்ஸ்ட்ரக்ஷன் நிறுவனத்தை ஓர் ஆவணக் குறைக்காக வெளியேற்றிவிட்டு, வெற்றிபெற்ற நிறுவனத்தின் குறைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஒருவருக்கு ஒரு விதி, இன்னொருவருக்கு வேறு விதி என்பதே விமான நிலையச் சிற்றுண்டிச்சாலையிலும் நடந்தது. இம்முறை நீதிமன்றம் கையெழுத்தான ஒப்பந்தத்தையே ரத்து செய்து, புதிதாக ஒப்பந்தப்புள்ளி கோர வழிவிட்டது.