பெட்டிக்குள் வந்த மென்பொருள்

ஒரே கணினியில் பலருடைய மென்பொருள்கள் ஓடும்போது, ஒன்றின் கை இன்னொன்றின் மேல் படாமல் காப்பது யூனிக்ஸ் காலத்துப் பிரச்சினை. 1979-இல் பெல் ஆய்வகம் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'சிஹெச்ரூட்' என்ற வசதி இருந்தது. ஓடும் நிரலிடம் ஒரு கோப்புறையைக் காட்டி, 'வட்டு இங்கிருந்துதான் தொடங்குகிறது' என்று நம்பவைப்பது அதன் வேலை. அந்தக் கோப்புறைக்கு மேலே இருப்பது நிரலின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மறைந்தது கோப்புகள் மட்டுமே. பக்கத்தில் ஓடும் மற்ற நிரல்களும் நெட்வொர்க்கும் மறையவில்லை. ரூட் அதிகாரம் உள்ள நிரல் வேலி தாண்டி வெளியே வரவும் வழி இருந்தது.

அந்த வேலியைச் சுவராக்கியது, 2000-இல் வந்த ஃப்ரீபிஎஸ்டி 4.0 இயங்குதளம். டென்மார்க்கைச் சேர்ந்த பால்-ஹென்னிங் காம்ப் அதில் 'ஜெயில்' என்ற ஏற்பாட்டைச் செய்திருந்தார். ஒவ்வொரு ஜெயிலுக்கும் தனி ஐபி முகவரி கிடைத்தது. உள்ளே ரூட்டாக இருப்பவரின் அதிகாரம் அந்தச் சுவரோடு நின்றது. ஒரே சர்வரைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இணைய ஹோஸ்டிங் தொழிலின் தேவைதான் இதைப் பிறப்பித்தது. சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10-உம் 2005-இல் 'ஸோன்' என்ற பெயரில் இதே வழியைப் பின்பற்றியது.

லினக்ஸில் இந்த வேலை ஒரே மூச்சில் நடக்கவில்லை. ஒரு நிரல் எதையெல்லாம் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் தீர்மானிக்கிறது. அதன் முதல் வகை 2002-இல், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் வந்தது. ஒரு நிரல் சிபியுவையும் நினைவகத்தையும் எவ்வளவு தின்னலாம் என்று அளந்து வைப்பது சிகுரூப். 2006-இல் கூகுள் பொறியாளர்கள் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் அதைத் தொடங்கியபோது வைத்த பெயர் 'புராசஸ் கன்டெய்னர்'. கெர்னல் வட்டாரத்தில் 'கன்டெய்னர்' என்ற சொல் ஏற்கெனவே பல பொருளில் புழங்கியதால் பெயரை மாற்றினார்கள். 2008 ஜனவரியில் 2.6.24 பதிப்பில் அது சேர்ந்தது. இந்த இரண்டையும் இணைத்து எல்எக்ஸ்சி என்ற கருவி அதே ஆண்டில் வந்தது.

ஆக, இப்படித் தனிமைப்படுத்திய பெட்டியான கன்டெய்னரைச் செய்யத் தேவையான சாமான்கள் 2008-லேயே பெரும்பாலும் கெர்னலில் இருந்தன. ஆனால் அவற்றைப் பொருத்தத் தெரிந்தவர்கள் சிலரே. மற்றவர்கள் வெர்ச்சுவல் மெஷினில்தான் வேலை செய்தார்கள். 2006-இல் தொடங்கிய அமேசானின் இசி2 வாடகைக்கு விட்டதும் அதைத்தான். ஒவ்வொரு வெர்ச்சுவல் மெஷினும் முழு இயங்குதளத்தையும் தன்னோடு சுமக்கிறது. கன்டெய்னரோ அடியில் இருக்கும் கெர்னலைப் பகிர்ந்துகொள்வதால் நொடிக்குள் எழுந்துவிடும். பகிர்வதில் ஆபத்தும் உண்டு. கெர்னலில் ஒரு ஓட்டை விழுந்தால் அதன் மேல் நிற்கும் கன்டெய்னர்கள் அத்தனைக்கும் கேடு. வெவ்வேறு வாடிக்கையாளர்களின் கன்டெய்னர்களுக்கு நடுவே கிளவுட் நிறுவனங்கள் இன்றும் வெர்ச்சுவல் மெஷின் சுவரை எழுப்புவது இதனால்தான்.

திருப்பம் 2013 மார்ச்சில் வந்தது. டாட்கிளவுட் என்ற சிறு நிறுவனத்தின் சாலமன் ஹைக்ஸ், அமெரிக்காவின் சான்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில் ஐந்து நிமிடப் பேச்சில் டாக்கர் என்ற கருவியைக் காட்டினார். அதில் இருந்த தனிமைப்படுத்தும் நுட்பம் பழையது. பொட்டலம் கட்டும் முறைதான் புதியது. மென்பொருளையும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் எப்படிச் சேர்ப்பது என்று 'டாக்கர்ஃபைல்' என்ற சிறு கோப்பில் வரிசையாக எழுதினால் ஓர் இமேஜ் உருவாகும். இமேஜ் அடுக்கடுக்காக அமைவதால், மாறிய அடுக்கை மட்டும் அனுப்பினால் போதும். இமேஜை ரெஜிஸ்ட்ரி என்ற கிடங்கில் ஏற்றிவிட்டால் லினக்ஸ் சர்வர் எதுவும் இறக்கி ஓட்டலாம். 'என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் ஓடவில்லை' என்ற தீராத வழக்குக்கு இதுவரை கிடைத்ததில் நல்ல தீர்வு இதுதான்.

டாக்கரின் பெட்டி உருவகம் கப்பல் தொழிலிலிருந்து வந்த இரவல். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. பெட்டியை உலகெங்கும் கொண்டுபோனது அதன் இரும்பு அல்ல, அளவு பற்றிய உடன்பாடு. மென்பொருள் பெட்டிக்கு அத்தகைய உடன்பாடு 2015 ஜூனில் கிட்டியது. இமேஜும் அதை ஓட்டும் முறையும் எப்படி இருக்க வேண்டும் என்று பொதுவில் வகுக்க ஓசிஐ என்ற அமைப்பு உருவானது.

ஒரு பெட்டியை ஓட்டுவது எளிது, ஆயிரத்தை மேய்ப்பது கடினம். அந்த அனுபவம் கூகுளுக்கு இருந்தது. 'போர்க்' என்ற உள் அமைப்பை அது பத்தாண்டுக்கு மேல் இயக்கிவந்தது. வாரத்துக்கு 200 கோடி கன்டெய்னர்களைத் தொடங்குவதாக 2014-இல் அது அறிவித்தது. அந்தப் பாடங்களைக் கொண்டு ஜோ பேடா, பிரெண்டன் பர்ன்ஸ், கிரெய்க் மக்லக்கி ஆகியோர் தொடங்கிய குபர்நெட்டிஸ், 2014 ஜூனில் திறந்த மூலமாக வெளியானது. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கப்பலைச் செலுத்துபவர் என்று பொருள். தமிழில் சொன்னால் மீகாமன்.

குபர்நெட்டிஸின் உயிர் ஒரே கருத்தில் இருக்கிறது. நிர்வாகி கட்டளைகளை ஒவ்வொன்றாக இடுவதில்லை. 'இந்தச் சேவை மூன்று பிரதிகளாக ஓட வேண்டும்' என்று விரும்பும் நிலையை எழுதிக் கொடுக்கிறார். குபர்நெட்டிஸ் அந்த எழுத்தையும் நடப்பையும் ஓயாமல் ஒப்பிடுகிறது. நள்ளிரவில் ஒரு சர்வர் விழுந்து பிரதி ஒன்று குறைந்தால், வேறு சர்வரில் அதுவே ஒன்றைக் கிளப்பும். தூக்கத்திலிருந்து எழுந்து மனிதர்கள் செய்த வேலை இது. டாக்கரின் ஸ்வார்மும் மீசோஸும் போட்டியில் இருந்தன. ஆனால் 2017 அக்டோபரில் டாக்கரே குபர்நெட்டிஸுக்கு இடம் தந்தபின் போட்டி ஏறக்குறைய முடிந்தது.

குபர்நெட்டிஸைச் சொந்தமாக நிறுவிப் பராமரிப்பது லேசான காரியமல்ல. சான்றிதழ்கள் காலாவதியாகும், ஆண்டுக்குச் சில முறை புதுப் பதிப்பு வரும். அதன் மூளைப் பகுதியைத் தாங்களே நடத்திக் கொடுப்பதைக் கிளவுட் நிறுவனங்கள் சேவையாக்கின. கூகுளின் சேவை 2015-இல் முழுமை பெற்றது, அமேசானின் இகேஎஸ்ஸும் மைக்ரோசாஃப்டின் ஏகேஎஸ்ஸும் 2018 ஜூனில் வந்தன. அமேசானின் ஃபார்கேட்டும் கூகுளின் கிளவுட் ரன்னும் இன்னும் ஒரு படி போய், சர்வரையே வாடிக்கையாளரின் கண்ணிலிருந்து எடுத்துவிட்டன.

2022 மே மாதம் வெளியான குபர்நெட்டிஸ் 1.24, டாக்கரை நேரடியாக இணைத்த டாக்கர்ஷிம் பகுதியை நீக்கியது. முன்னரே அறிவித்தபோது பலர் பதறினார்கள். ஆனால் டாக்கரில் கட்டிய இமேஜ்கள் ஓசிஐ வகுத்த அளவில் இருந்ததால், கன்டெய்னர்டி போன்ற மாற்று இயக்கிகளில் ஒரு வரியும் மாறாமல் அப்படியே ஓடின. அந்தக் கன்டெய்னர்டியும் டாக்கரிலிருந்து பிரிந்து வந்ததே.