பனித்தூபிக்கு முன்னும் பின்னும்: லடாக் இளைஞர்களும் விதைப்புக்கால நீரும்

லடாக்கின் லே பகுதியில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மி.மீ. பார்லி வயலுக்குப் பாய்வதெல்லாம் பனி உருகி வரும் நீர்தான். அந்த நீர் குறைவு என்பதைவிட, வேண்டிய நேரத்தில் வராது என்பதே அங்குள்ள உழவரின் தலையாய சிக்கல். ஏப்ரல், மே மாதங்களில் விதைக்க வேண்டும். மேலே உள்ள பனியாறுகள் உருகி ஓடை நிறைய ஜூன் ஆகிவிடும். குளிர்காலத்திலோ ஓடைநீர் யாருக்கும் பயன்படாமல் சிந்துவில் போய்ச் சேரும். அந்த நீரைப் பனியாக உறையவைத்து, விதைப்பின்போது உருக விடும் உத்தி ஓர் அரசுப் பொறியாளரிடமிருந்து பள்ளித் தேர்வில் தோற்ற பிள்ளைகளின் கைக்கு வந்து, 'பனித்தூபி' என்ற கூம்பு வடிவப் பனிக்குவியலாக எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முன்கதை பழையது. லடாக் ஊர்களில் 'சுர்பொன்' என்பவர் முறைவைத்து நீர் பங்கிடுவார். நம் கிராமங்களின் நீர்ப்பாய்ச்சியை ஒத்த பொறுப்பு அது. ஓடைநீரை இரவில் தேக்கிப் பகலில் திறந்துவிடும் சிறு குளத்துக்கு 'ஜிங்' என்று பெயர். அண்டையிலுள்ள பல்திஸ்தானில், ஆண் பனி, பெண் பனி எனப் பிரித்து, இரண்டையும் சேர்த்துப் புதைத்துப் பனியாறு 'வளர்க்கும்' வழக்கம் உண்டு. அந்த நம்பிக்கையின் அறிவியலை இங்கே விவாதிக்கப் போவதில்லை. பனியை மனிதர் வளர்க்கலாம் என்ற எண்ணம் அம்மலைகளுக்குப் புதிதல்ல என்பதே நமக்கு முக்கியம்.

நவீனக் கட்டம் 1987இல் தொடங்குகிறது. ஊரக வளர்ச்சித் துறையில் சிவில் பொறியாளராக இருந்த செவாங் நோர்ஃபெல், குழாய் உறையாதிருக்கத் திறந்துவிடப்பட்ட நீர் நிழலில் தேங்கி உறைந்து கிடப்பதைக் கவனித்தார். ஓடும் நீர் உறையாது. வேகம் குறைந்து மெல்லிய படலமாகப் பரவினால் உறையும். ஃபுக்சே என்ற ஊருக்கு மேலே, மலை நிழலில், குறுக்கே கற்சுவர்கள் எழுப்பி நீரை நிதானப்படுத்தினார். தாழ்ந்த இடத்துப் பனி முதலில் உருகும், உயரத்துப் பனி பிறகு உருகும். எளிமையான கணக்கு. ஆனால் இதற்கு நிழலும் உயரமும் வேண்டும். ஊரைவிட்டு வெகுதூரம் ஏறிச் சென்று சுவர்களைப் பழுது பார்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டும்.

அடுத்த ஆண்டே, 1988இல், நீரோடு தொடர்பில்லாததாகத் தோன்றிய ஒன்று நடந்தது. சோனம் வாங்சுக் உள்ளிட்ட லடாக் இளைஞர்கள் சிலர் 'செக்மோல்' என்ற மாணவர் கல்வி, பண்பாட்டு இயக்கத்தைத் தொடங்கினார்கள். லடாக் பிள்ளைகளில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பில் தோற்றுக்கொண்டிருந்த காலம் அது. அம்மண்ணுக்கு அந்நியமான பாடநூலும் மொழியுமே காரணம் என்று இயக்கத்தார் வாதிட்டார்கள். சிந்துக் கரையில், ஃபே ஊரருகே அமைந்த அவர்களின் வளாகம், தேர்வில் தோற்றவர்களுக்கே முதலிடம் தந்தது. பனித்தூபியின் வரலாற்றை எழுதுவோர் பலரும் இந்தக் கால் நூற்றாண்டை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். என் பார்வையில் அதுதான் பெரிய விடுபடல். குளிரில் குழாய் பதிக்கவும், உறைந்த குழாயை உடைத்துச் சீராக்கவும் முன்வந்த கைகள் திடீரென முளைத்தவை அல்ல. செய்து கற்கும் பள்ளியில் அவை பழகியிருந்தன.

மே மாதத்தில் ஒரு பாலத்தடி நிழலில் உருகாமல் கிடந்த பனியைப் பார்த்த வாங்சுக், நிழலைத் தேடிப் போவதற்குப் பதில் பனியின் வடிவத்தையே மாற்றினால் என்ன என்று யோசித்தார். தட்டையாகப் பரவிய பனியைவிட, அதே அளவுப் பனி கூம்பாக நின்றால் வெயில் படும் பரப்பு குறைவு. 2013-14 குளிர்காலத்தில் மாணவர்கள் எழுப்பிய முதல் மாதிரி சுமார் 6 மீட்டர் உயரம். மே நடுப்பகுதி தாண்டியும் நின்றது. இதற்கு மோட்டார் வேண்டாம். மேலிருந்து புதைகுழாயில் இறங்கும் நீர் தன் மட்டத்தை எட்டப் பார்த்து, செங்குத்துக் குழாய் வழியே பீறிடுகிறது; உறைநிலைக்கு வெகுகீழே இருக்கும் காற்றில் விழுந்து, முட்செடிக் கிளைகளாலான சட்டகத்தின்மேல் உறைகிறது. புத்தத் தூபியை ஒத்த தோற்றமே பெயரையும் தந்தது. அடுத்த குளிரில் ஃபியாங் மடாலய நிலத்தில் 2 கி.மீ.க்கு மேல் குழாய் பதித்து, ஏறத்தாழ 20 மீட்டர் உயரத் தூபி எழுப்பினார்கள். அது ஜூலை தொடக்கம்வரை நின்று 5,000 மரக்கன்றுகளுக்கு நீர் தந்தது. பின்னர் இது ஊர் இளைஞர்களின் குளிர்காலப் போட்டியாகவும் பரவியது.

இனி மறுபக்கம். ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் மார்குஸ் நூசரும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, இவற்றைப் 'பனியாறு' என்றழைப்பதே பிழை, பனித்தேக்கம் என்பதே பொருந்தும் என்கிறது. உண்மைதான்: தூபி எந்தப் பனியாற்றையும் காப்பாற்றவில்லை, நீரின் பருவத்தைத் தள்ளிவைக்கிறது. பீய்ச்சப்படும் நீரில் பெரும்பகுதி உறையாமலே ஓடிவிடுவதைப் பின்வந்த அளவீடுகள் காட்டின; வானிலைக்கேற்ப நீரோட்டத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிகள் அதன் விளைவு. ஃபியாங் ஓடையின் கடைமடையில் இருக்கும் ஃபே மக்கள், தங்கள் பங்கு குறைகிறதென்று எதிர்த்ததும் வரலாற்றில் சேர்க்க வேண்டியதே. சுர்பொன் தீர்த்துவைத்த அதே வகைப் பூசல்தான் அது.

நோர்ஃபெலுக்கு 2015இல் பத்மஸ்ரீயும் வாங்சுக்குக்கு 2018இல் மகசேசே விருதும் கிடைத்தன, தகுதியானவைதான். குழாயைக் காத்து நின்றவர்கள் மட்டும் பெரும்பாலான எழுத்துகளில் 'மாணவர்கள்' என்ற ஒரு சொல்லாகவே நிற்கிறார்கள். முதல் மாதிரியை எழுப்பியவர்கள் இன்று முப்பதை நெருங்கியோ கடந்தோ இருப்பார்கள். லடாக்கின் நீர் வரலாற்றை எழுத முனைவோர் முதலில் அவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்ய வேண்டும்.