துருக்கித் துப்பாக்கியும் தேய்க்கப்பட்ட ஆண்டும்

எழுத்தைக் கல்லிலே தேடுவோர் உண்டு. செப்பேட்டிலே தேடுவோர் உண்டு. பழங்காசிலே தேடுவோரும் நம்மிடையே பலர். துப்பாக்கியின் எஃகிலே எழுத்தைத் தேடுவோர் நம் பக்கத்தில் அரியர். படைத்துறைத் துளையளவு கொண்ட துப்பாக்கியைக் குடிமக்கள் வைத்துக்கொள்ள நம் நாட்டுச் சட்டம் இடந்தராது. காவல் நிலையத்துச் சுவரோரம் சாய்த்து வைத்த முந்நூற்று மூன்று ரகத் துப்பாக்கியை எட்ட நின்று பார்த்ததோடு நம்முடைய பழக்கம் முடிந்துவிடும். அமெரிக்க நாட்டின் நிலை வேறு. படைகள் கழித்துவிட்ட பழந்துப்பாக்கிகளை விலைக்கு வாங்கித் துடைத்து, ஆராய்ந்து, விடுமுறை நாளிலே சுட்டும் பார்ப்பவர் அங்கே ஏராளம். அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்த ஒருவகைத் துப்பாக்கியில், நம் பிள்ளைகள் ஓதற்பள்ளியிலே கற்ற எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. துருக்கி மவுசர் என்று அவர்கள் அழைக்கும் துப்பாக்கி அது.

அதன் கதையைச் சற்று முன்னிருந்து தொடங்குவது நலம்.

உதுமானியப் பேரரசு தன் படைக்கான துப்பாக்கியைப் பெரும்பாலும் வெளிநாட்டிலேயே வாங்கியது. 1870-களில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டிலிருந்த பிராவிடன்ஸ் டூல் கம்பெனியிடம் 600,000 பீபாடி மார்ட்டினித் துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒருமுறைக்கு ஒரே தோட்டா இடக்கூடிய துப்பாக்கி அது. ஆனால் நெடுந்தொலைவு பாயும். அதற்குச் சற்று முன்னரே வின்செஸ்டர் கம்பெனியிடமிருந்து தோட்டாக்களை வரிசையாக அடக்கிக்கொண்டு அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகள் ஏறத்தாழ 50,000 வந்திருந்தன. 1877-ஆம் ஆண்டு பிளெவ்னா நகரிலே உஸ்மான் பாஷாவின் படை ரஷ்யரை ஐந்து திங்கள் தடுத்து நிறுத்தியபோது இவ்விரண்டுமே பயன்பட்டன. தொலைவிலே வருவோரை ஒன்றால் சுட்டார்கள். கிட்டே நெருங்கியோரை மற்றொன்றால் சுட்டார்கள். டிசம்பரில் உணவின்றி நகரம் வீழ்ந்தது. எனினும் அகழியிலே குந்தியிருக்கும் வீரனிடம் வேகமாகச் சுடும் துப்பாக்கி இருந்தால் என்ன நேரும் என்பதை ஐரோப்பியப் படைத்தலைவர்கள் அங்கேதான் கண்கூடாகக் கண்டார்கள். ஆயுதம் செய்து கொடுத்த ரோட் ஐலண்டுக் கம்பெனிக்கோ பணம் வந்து சேர்வதில் பெருந்தாமதம் நேர்ந்தது. அதன் நிதிநிலை ஆட்டங்கண்டதற்கு அதுவும் ஒரு காரணம். பேரரசின் கருவூலம் அன்று அப்படி இருந்தது.

1887-இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் அரசு ஜெர்மானியரை நாடிற்று. ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த பவுல் மவுசரிடம் 500,000 நீண்ட துப்பாக்கிகளும் 50,000 குறுந்துப்பாக்கிகளும் கேட்கப்பட்டன. துளையளவு 9.5 மில்லிமீட்டர், வெடிமருந்து பழைய கருமருந்து. இங்கேதான் காலம் ஒரு விளையாட்டு விளையாடியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரர் புகையில்லா வெடிமருந்தில் இயங்கும் லெபெல் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டுவிட்டனர். ஓபர்ன்டார்ஃபில் வேலை தொடங்கும்போதே துருக்கியர் கேட்ட துப்பாக்கி பழசாகிவிட்டது!

ஆனால் ஒப்பந்தத்தை எழுதிய உதுமானிய அதிகாரிகள் ஏமாளிகள் அல்லர். இடையிலே மவுசர் இதனினும் சிறந்த துப்பாக்கியை உருவாக்கினால், எஞ்சிய தொகையை அந்தப் புதிய வகையிலேயே தரவேண்டும் என்று ஒரு விதி சேர்த்திருந்தார்கள். ஏறத்தாழ 220,000 பழைய வகை வந்து சேர்ந்தபின் அவ்விதியைக் காட்டினார்கள். மிச்சமெல்லாம் 7.65 மில்லிமீட்டர்த் துளையும் புகையில்லா மருந்தும் கொண்ட 1890 வகையாகவே வந்தன. கடனாளி அரசு, சரிந்துவரும் பேரரசு என்றெல்லாம் எழுதிவைத்திருக்கும் வரலாற்று நூல்களைப் படித்த நமக்கு, பெயர் தெரியாத ஓர் எழுத்தர் வைத்த இந்த ஒற்றை விதி பெருவியப்பைத் தருகிறது.

அதன்பின் 1893 வகை வந்தது. ஐந்து தோட்டாக்களும் மரக்கட்டைக்குள்ளேயே இருவரிசையாக அடங்கிவிடும் அமைப்பு அது. துருக்கியர் கேட்டுக்கொண்டதற்கிணங்க அதிலே ஒரு தடுப்புத் தகடும் வைக்கப்பட்டது. அதைத் தள்ளிவிட்டால் உள்ளிருக்கும் ஐந்தும் சேமிப்பாக நிற்க, வீரன் ஒவ்வொன்றாக மேலிருந்து இட்டுச் சுடலாம். 1903 வகை அதற்கும் அடுத்தது. துருக்கிய அதிகாரிகள் ஓபர்ன்டார்ஃபிலேயே தங்கி, ஒவ்வொரு துப்பாக்கியையும் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். குழல் வந்து திருகப்படும் வளையத்தின்மேல் சுல்தானின் துக்ரா முத்திரை. பக்கவாட்டிலே பட்டறையின் பெயர் அரபு எழுத்தில். தொடர் எண், குறிபார்க்கும் தகட்டின் தொலைவு எண், ஆண்டு எல்லாமே அரபு இலக்கத்தில். ஜெர்மானியத் தொழிலாளி தான் படிக்கவியலாத எழுத்தைத் தன் கையாலேயே பொறித்து அனுப்பினான்.

இனிச் சேகரிப்போர் கதைக்கு வருவோம்.

1968-இல் அமெரிக்க அரசு இயற்றிய துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அயல்நாட்டுப் படைகள் கழித்த ஆயுதங்களின் இறக்குமதியைத் தடுத்தது. 1984-இல், ஐம்பது ஆண்டு கடந்த அரும்பொருள்களுக்கு மட்டும் அத்தடை தளர்ந்தது. 1990-களில் துருக்கியின் பழைய கிடங்குகளிலிருந்து மவுசர்கள் பெருந்தொகையாக அமெரிக்காவுக்குக் கப்பலேறின. நூறு டாலருக்கும் குறைவான விலை. கெட்டியான மசகு பூசி, மரமெல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்து வந்த அவற்றைப் பலர் வேட்டைக்காக வாங்கி, கட்டையை அறுத்துக் குழலைக் குறைத்து உருமாற்றினார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல நமக்கு நல்ல சொல் எதுவும் கிடைக்கவில்லை. வேறு சிலரோ மசகைக் கரைத்து, துணியால் துடைத்து, வளையத்தின்மேல் இருந்த கோடுகளை உற்றுநோக்கினார்கள். அங்கேதான் அவர்களுக்குச் சங்கடம் பிறந்தது.

அந்நாட்டுச் சட்டப்படி 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட துப்பாக்கி தொல்பொருள். அதைக் கூட்டரசின் உரிமம் ஏதுமின்றி வாங்கலாம், விற்கலாம், அஞ்சலிலும் அனுப்பலாம். 1899-இல் செய்யப்பட்டதாயின் அது ஆயுதம். விதிகள் அனைத்தும் அதற்குண்டு. குழலைப் பின்னாளில் மாற்றியிருந்தாலும் பொருட்டில்லை. குழல் திருகப்படும் எஃகு உடலின் வயதே கணக்கு. ஆகவே வளையத்தின்மேல் இருக்கும் நான்கு இலக்கங்களைச் சரியாகப் படிப்பது பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. சட்டத்துக்கு உட்பட்டிருப்பதா வெளியே நிற்பதா என்ற வினாவாயிற்று.

அரபு இலக்கத்தை அறியாதவர் படித்தால் என்னாகும்? ஐந்து என்னும் எண் சிறு வட்டமாக இருப்பதால் அதைச் சுழியம் என்று கொள்வார். உண்மையான சுழியமோ வெறும் புள்ளி. அதை எஃகின் கறை என்று விட்டுவிடுவார். ஆறு என்னும் எண் அவர் கண்ணுக்கு ஏழாகத் தோன்றும். நம் வீட்டுச் சிறுவன் ஒருவன் அங்கே போயிருந்தால் அரை நொடியில் படித்துச் சொல்லியிருப்பான்!

ஆனால் எண்ணைப் படித்துவிட்டால் மட்டும் போதாது. எந்த ஆண்டு என்பது அடுத்த வினா. ஹிஜ்ரி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். அங்கேதான் நாமும் வழுக்குகிறோம். உதுமானிய அரசு தன் வரவு செலவுக்கும் அலுவலுக்கும் ரூமி என்ற ஓர் ஆண்டுக் கணக்கை வைத்திருந்தது. 1840-இல், ஹிஜ்ரி 1256-ஐ ஒட்டி அதுவும் 1256 என்றே தொடங்கியது. ஆனால் அதன் மாதங்கள் கதிரவனை ஒட்டியவை; ஆண்டின் முதல் நாள் பழைய ஜூலியன் முறைப்படி மார்ச்சு ஒன்று. பிறையை ஒட்டிச் செல்லும் ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ பதினொரு நாள் குறுகியதாகையால், ஏறக்குறைய முப்பத்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஓர் எண் முந்திக்கொண்டுவிடும். நூற்றாண்டின் இறுதிக்குள் இரு கணக்குக்குமிடையே இரண்டு எண் இடைவெளி விழுந்துவிட்டது.

பேச்சுக்காக 1315 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். அது ஹிஜ்ரியாயின் 1897 ஜூன் தொடக்கத்தில் பிறந்து 1898 மே மாதத்தில் முடிகிறது. துப்பாக்கி ஐயமின்றித் தொல்பொருள். ரூமியாயின் 1899 மார்ச்சு 13-இல்தான் அவ்வாண்டு பிறக்கவே செய்கிறது, துப்பாக்கி ஆயுதம். ஒரே எண், ஒரே எஃகு. 1313 அல்லது அதற்கு முந்திய எண்ணாயின் எந்தக் கணக்கிலும் தொல்லையில்லை. அதற்குப் பிந்தியவற்றில் எண்ணை மட்டும் சாட்சியாக நிறுத்தித் தீர்ப்புச் சொல்லல் ஆகாது. துப்பாக்கி எந்த வகை, தொடர் எண் எந்த ஒப்பந்தத்துக்குள் விழுகிறது என்பவற்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும். கல்வெட்டிலே சக ஆண்டா கலியாண்டா என்று நம் அறிஞர்கள் வழக்காடுவதில்லையா? அதே வழக்குத்தான் இதுவும்.

இவ்வளவும் எண் எஞ்சியிருந்தால். பலவற்றில் அதுவே இல்லை.

முதல் உலகப் போரிலே ஜெர்மனி தன் கூட்டாளிக்குத் தன் சொந்தப் படைத் துப்பாக்கிகளையும் அனுப்பியது. ஆகவே 1923-இல் குடியரசு பிறந்தபோது அதன் கிடங்குகளில் பல வகையும் பல துளையளவும் கலந்து கிடந்தன. 1930-களில் அங்காராவிலிருந்த படைத் தொழிற்சாலை அவற்றையெல்லாம் 7.92 மில்லிமீட்டர் என்ற ஒரே அளவுக்கு மாற்றத் தொடங்கியது. புதுக் குழல், புதுக் குறிநோக்கி. 1893 வகையிலிருந்த தடுப்புத் தகடும் பெரும்பாலும் கழற்றப்பட்டது. இதற்கிடையே துருக்கியில் எழுத்தும் காலமுமே மாறிவிட்டிருந்தன. 1926 தொடக்கத்திலிருந்து ஐரோப்பிய ஆண்டுக் கணக்கு. 1928-இல் லத்தீன் எழுத்து. அரசுக் கட்டடங்களிலிருந்த துக்ராக்களை நீக்க 1927-இலேயே ஒரு சட்டம் வந்தது. துப்பாக்கிகளுக்கென்று அச்சட்டம் எழுதப்படவில்லை. எனினும் அங்காராவின் அரம் பல வளையங்களின்மேல் ஓடிற்று. துக்ரா போயிற்று, பழைய ஆண்டும் போயிற்று. அவ்விடத்தில் தொழிற்சாலையின் பெயரும் 1936, 1938 என்ற புதிய ஆண்டும் லத்தீன் எழுத்தில் ஏறின. அந்த ஆண்டைப் படித்துவிட்டு, இது 1938-இல் செய்த துப்பாக்கி என்று எழுதிவைத்தவர் பலர். துப்பாக்கியோ அவர் நினைத்ததைவிட நாற்பது ஆண்டு மூத்தது.

எல்லாவற்றினும் நமக்குச் சுவையாகப் பட்டது பிரெஞ்சுக்காரரின் பெர்த்தியே துப்பாக்கிகளுக்கு நேர்ந்த கதி. அவற்றையும் துருக்கியர் குறுக்கி வெட்டி, காடு என்று பொருள்படும் 'ஓர்மான்' என்ற சொல்லைப் பொறித்து, வனக்காவலர் கையில் கொடுத்தார்கள். போருக்கென்று செய்தது மரத்தைக் காக்கப் போயிற்று.

சுட்டுப் பார்ப்பதைப் பற்றியும் ஓரிரு சொல். துப்பாக்கியோடு துருக்கியின் பழந்தோட்டாக்களும், துணி வார்களில் கட்டியவாறே கப்பலேறின. 1930, 1940-களில் செய்தவை. அவற்றின் பின்புறத்தே பொதிந்த பொறிமருந்து வெடித்தபின் குழலிலே ஓர் உப்பைப் படியவிடும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓரிரு நாள் பொறுத்திருந்தால் குழல் துருவேறிவிடும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. கொதிநீரை ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பிறகே எண்ணெய் இடவேண்டும். முதுமையால் பித்தளைக் கூட்டின் கழுத்து வெடித்த தோட்டாக்களும் உண்டு. விசையை இழுத்தபின் ஒரு கணம் தாழ்த்தி வெடிப்பனவும் உண்டு. ஆகவே வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே இழுக்காமல், குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு சற்று நேரம் காத்திருப்பது அனுபவசாலிகள் வழக்கம். குறியோ நெடுந்தொலைவுக்கென்று அமைந்தது. 100 கஜத்திலே சுட்டால் குண்டு உயரப் போய் விழும். இலக்கின் அடிக்குக் கீழே குறிபார்க்கப் பழகவேண்டும். தோளிலே அடிக்கும் அடியும் மென்மையானதன்று. சனக்கலேயில் 1915-இல் இதே வகைத் துப்பாக்கியைத் தூக்கியிருந்த அனதோலிய உழவனுக்குக் காதடைக்கப் பஞ்சும் தோளுக்கு மெத்தையும் யாரும் கொடுக்கவில்லை.

அங்காராவின் அரம் மேற்பரப்பிலே ஓடியது. உள்ளே எல்லா இடத்துக்கும் அது செல்லவில்லை. சேகரிப்போர் மரக்கட்டையைக் கழற்றும்போது, வெளியே லத்தீன் எண் தாங்கிய துப்பாக்கியின் உள்ளிருக்கும் சிறு உறுப்புகளில் பழைய எண் அப்படியே கிடப்பதைச் சில வேளை காண்கிறார்கள். ஒரு திருகாணியின் தலையிலே அரபு இலக்கத்தில் இரண்டு எண்கள். பெரும்பாலும் வேறொரு துப்பாக்கிக்கு உரியவை.