அபாப்கா ஏரி: பாஸ் மீன்கள் மறைந்த கதை

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகருக்கு வடமேற்கே இருக்கிறது அபாப்கா ஏரி. பரப்பளவு சுமார் 125 சதுர கிலோமீட்டர். இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ ஐந்தே அடி! இந்த ஏரிக்குப் பேர் வாங்கித் தந்ததும், பிறகு அதைக் கெடுத்ததும் இந்த ஆழமின்மைதான்.

பொற்காலம்

1940களில் தூண்டில் போடுபவர்களிடையே அபாப்கா மிகப் பிரபலம். தண்ணீர் தெளிவாக இருந்தது. ஆழம் குறைவு என்பதால் சூரிய ஒளி அடிமண் வரை சென்றது. அதனால் ஏரி முழுக்க நீர்ச்செடிகள் காடு போல வளர்ந்தன. பெருவாய் பாஸ் மீன் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். செடிகளுக்குள் பதுங்கியிருந்து இரையைப் பிடிக்கும். கெட்டியான தரையில் குழி பறித்து முட்டையிடும். ஆண் மீன் காவல் நிற்கும். இவை எல்லாவற்றுக்கும் அபாப்கா ஏற்ற இடம். ஃபுளோரிடாக்காரர்கள் 'ஸ்பெக்' என்று செல்லமாக அழைக்கும் கிராப்பி மீனும் இங்கே ஏராளம். கரையைச் சுற்றி இருபது மீன்பிடி முகாம்கள் வரை இருந்தன. படகு வாடகை, தூண்டில் இரை, தங்கும் அறை என்று பல குடும்பங்கள் இந்த மீன்களை நம்பியே பிழைத்தன.

சதுப்பு நிலம் வயலானது

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டியிருந்தது. ஏரியின் வடகரையில் பரந்த சதுப்பு நிலம் இருந்தது. மக்கிய செடிகளால் ஆன அந்தக் கறுப்பு மண் மிகவும் வளமானது. 1941இல் அதற்கென ஒரு வடிகால் மாவட்டம் உருவாக்கப்பட்டது. குறுக்கே கரை எழுப்பி, தண்ணீரை பம்ப் வைத்து இறைத்து, சுமார் 80 சதுர கிலோமீட்டர் சதுப்பை வயலாக்கினார்கள். சோளம், கேரட் போன்றவை செழித்து வளர்ந்தன.

ஆனால் வயலில் மிஞ்சிய தண்ணீர் எங்கே போகும்? ஏரிக்குத்தான். கூடவே உரமும், மண்ணிலிருந்து கரைந்த பாஸ்பரஸும் போயின. வின்டர் கார்டன் நகரத்தின் கழிவுநீரும், ஆரஞ்சு ஆலைக் கழிவும் ஏற்கெனவே அதே ஏரியில்தான் கலந்துகொண்டிருந்தன.

புயல் மீது பழி

1947இல் ஒரு புயல் வந்து நீர்ச்செடிகளைப் பிடுங்கி எறிந்தது. அதே ஆண்டில் முதன்முதலாகப் பாசி பெருகியது. ஏரி கெட்டதற்குப் புயலே காரணம் என்று பலர் நெடுநாள் சொல்லி வந்தனர். ஆனால் ஃபுளோரிடாவுக்குப் புயல் புதிதல்ல. புயல் ஒரு ஏரியைக் கலக்கலாம், ஐம்பது ஆண்டுகள் கலங்கியே வைத்திருக்க முடியாது. அந்த வேலையைச் செய்தது பாஸ்பரஸ்.

பாசி பெருகியதும் தண்ணீர் பச்சையாக மாறி ஒளியை மறைத்தது. ஒளி இல்லாமல் செடிகள் செத்தன. செடிகளின் வேர்தான் அடிச்சேற்றைப் பிடித்து வைத்திருந்தது. அது போனதும் லேசான காற்றுக்கே சேறு கிளம்பி இன்னும் கலக்கியது. ஆழமான ஏரி என்றால் காற்று அடிவரை எட்டாது. ஐந்தடி ஏரியில் எட்டிவிடும். பாஸ் மீன்கள் குறைய, பாசி தின்னும் ஷாட் மீன்கள் பெருகின. 1950களின் இறுதியில் அதிகாரிகள் ரோட்டனோன் என்ற நஞ்சைத் தெளித்து சுமார் 9,000 டன் ஷாட் மீன்களைக் கொன்றனர். அவற்றை அள்ளாமல் ஏரியிலேயே அழுக விட்டனர். அந்தச் சத்தும் பாசிக்கே உணவானது! முகாம்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

மீட்பும் அதன் விலையும்

1985இல் ஏரியை மீட்க மாநில அரசு சட்டம் இயற்றியது. 1993 முதல் ஷாட் மீன்களை வலைபோட்டு அள்ளி வெளியேற்றினார்கள். 1996இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, வடகரை வயல்களை அரசே விலைக்கு வாங்கியது. சுமார் 10 கோடி டாலர் செலவு. நில உரிமையாளர்களுக்குப் பணம் கிடைத்தது. தலைமுறைகளாக அங்கே உழைத்த, பெரும்பாலும் கறுப்பினத்தவரான பண்ணைத் தொழிலாளர்களோ வேலையை இழந்தார்கள். விற்க அவர்களிடம் நிலம் இல்லை.

1998இல் வயல்களில் மீண்டும் தண்ணீர் நிறைந்ததும் பறவைகள் கூட்டமாக வந்தன. அந்தக் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தன. வெள்ளைக் கூழைக்கடாக்களே அதிகம். மண்ணில் தங்கியிருந்த பழைய பூச்சிக்கொல்லிகள் மீன் வழியாகப் பறவைகளுக்குள் போயிருந்தன. அதே மண்ணில் ஆண்டுக்கணக்கில் கை வைத்து வேலை செய்த தொழிலாளர்களின் உடல் என்ன ஆனது என்ற கேள்வி அப்போதுதான் பலருக்கு எழுந்தது.

அதன் பிறகு ஏரியில் பாஸ்பரஸ் அளவு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. ஆங்காங்கே நீர்ச்செடிகள் திரும்பி வந்துள்ளன. கிராப்பியும் பாஸும் தூண்டிலில் சிக்குகின்றன. 2015இல் வடகரையில் பறவைகள் பார்க்க ஒரு சாலையும் திறக்கப்பட்டது. ஆனால் 1940களின் தெளிந்த அபாப்கா இன்னும் திரும்பவில்லை.

ஏரியைக் கெடுக்கச் சில ஆண்டுகளே போதுமாக இருந்தன. மீட்கும் வேலை நாற்பது ஆண்டுகளாகியும் முடியவில்லை. மலிவாகக் கிடைத்த அந்தக் காய்கறியின் உண்மையான விலை இதுதான்.