கேமரன் மலையின் இடிமழையும் மண்ணும்: கோலா தெர்லாவை முன்வைத்து

மலேசியத் தமிழரின் மலைத்தோட்ட வரலாறு பெரும்பாலும் குடியேற்றத்தையும் கூலியையும் பற்றியே பேசுகிறது. அம்மக்கள் எதிர்கொண்ட வானிலை இடரும் வரலாற்றுப் பொருளேயாகும்.

புயல் என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த கடற்புயல். நிலநடுக்கோட்டுக்கு அருகில் காற்றைச் சுழலச் செய்யும் புவிச்சுழற்சி விசை வலுவிழப்பதால், தீபகற்ப மலேசியாவில் அத்தகைய புயல் அரிது. எனினும் 2001 டிசம்பர் 27இல் தென் ஜொகூரில் கரைகடந்த 'வாமேய்' புயல், அரிது என்பது இல்லை என்றாகாது எனக் காட்டியது.

கேமரன் மலையில் இடர் வேறு வடிவம் கொள்கிறது. இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வலுக்கிறது. ரிங்லெட்டில் 16 பேரை மாய்த்த நிலச்சரிவு 1961 மே 11இலும், கனமழையில் அணைநீர் திறக்கப்பட்டதால் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் நேர்ந்த வெள்ளம் 2013 அக்டோபர் 23இலும், அங்கு மீண்டும் உயிர்களைப் பறித்த சேற்றுவெள்ளம் 2014 நவம்பர் 5இலும் நிகழ்ந்தன. மூன்றும் அவ்விடைக்காலத்தில் அமைந்தமை கருதத்தக்கது.

கோலா தெர்லா, ரிங்லெட்டுக்கு வடக்கே உள்ள சிற்றூர். ஆயினும் 1963இல் நிறைவுற்ற நீர்மின் திட்டம், தெர்லா முதலிய வடபகுதி ஆறுகளின் நீரைச் சுரங்கவழியே பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பியது. எனவே வடபகுதிச் சரிவுகளில் கரையும் மண்ணும் ரிங்லெட் ஏரியில் படிந்து, அதன் கொள்ளளவைக் குறைக்கிறது. அடர்ந்து வேரூன்றிய தேயிலை மண்ணைப் பிடித்து நிறுத்தும். காய்கறிக்காகத் திருத்தப்பட்ட வெற்றுச் சரிவோ மழையில் கரையும். மேலே இழந்த மண்ணின் விளைவைக் கீழே வாழ்வோரும் சுமக்கின்றனர்.

ஆதலால் இம்மலையின் புயல் வரலாற்றை எழுதுவோர், காற்றின் வேகத்தைக் காட்டிலும் சரிவின் மண்ணையே முதற்சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.